வேரால் போட்ட முத்திரை கப்பல் ஜெட்டியில் வெட்டப்பட்டது குறித்து

அனுப்புநர்
சி. ராக்கப்பன்,
காவலாளி, எண்ணெய்ப்பனைத் தோட்டம்,
நிரந்தரக் குடியிருப்பு, பின்வரிசை,
ஹட் பே, லிட்டில் அந்தமான்.

பெறுநர்
சரக்குப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
தீவிடைச் சரக்குப் பிரிவு,
போர்ட் பிளேயர்.

பொருள்: ஹட் பே – போர்ட் பிளேயர் கப்பலில் சென்றுவரும் குடும்பப் பெட்டி – அதில் மனுதாரர் போட்ட சொந்த முத்திரை வெட்டி எறியப்பட்டது – இனி வெட்டாதிருக்க உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. நீல பிளாஸ்டிக் முத்திரை பற்றிய தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை.
2. அப்படி ஒரு முத்திரை வேண்டும் என்று கேட்டு நானே முன்பு அனுப்பிய மனுக்கள் (வெட்கத்துடன்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்குத் தமிழ் தெரியும் என்று ஹட் பே கப்பல் ஜெட்டியில் பேச்சு. ஜெட்டியில் பேசப்படுவதில் பாதிதான் பொய் என்பதால் துணிந்து தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு இந்தி வராது என்றில்லை. பஜாரில் மீன்காரரோடு சண்டை போடும் அளவுக்கு வரும். மனைவியைப் பற்றி எழுதும் அளவுக்கு வராது. இந்த மனு என் மனைவியைப் பற்றியது. ஒரு பெட்டியைப் பற்றியதும்கூட. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடியாத நிலைக்கு நான் வந்து சேர்ந்த விதத்தைக் கீழே பணிவுடன் தெரிவிக்கிறேன்.

1. நானும் என் மனைவி நீலாவதியும் இலங்கை மலைத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். சிறு வயதில் பெற்றோரோடு கப்பலேற்றப்பட்டு, அங்கே இங்கே சுற்றி, கடைசியில் இந்தத் தீவின் தோட்டத்தில் வந்து நின்றோம். 2004 டிசம்பர் அலையில் கரையோரம் இருந்த எங்கள் வீடு போனது. நாங்கள் இருவரும் மேட்டுக்கு ஓடித் தப்பினோம். தப்பியவர்கள் புகார் சொல்வது அழகல்ல என்பதால் அலையின் மேல் இந்த மனுவில் புகார் எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நீலாவதிக்குக் கடல் சத்தம் ஆகாது. ஹட் பேயில் கடல் சத்தம் கேட்காத இடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே அவள் போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் உள்ள தன் அக்கா விசாலாட்சி வீட்டுக்குப் போனாள். அங்கே கேட்பது விமானச் சத்தம். அது தலைக்கு மேலே போய்விடும், காலடிக்கு வராது என்பது அவள் கருத்து. "கொஞ்ச நாள் இருந்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

2. நீயே அங்கே போய்விட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். ஊரே கேட்கிறது. தோட்டத்தில் எனக்கு இன்னும் சில வருட வேலை பாக்கி. அலைக்குப் பிறகு கொடுத்த இந்த வீடும் பூட்டிக் கிடந்தால் ஒதுக்கீடு ரத்தாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது உண்மையா என்று விசாரிக்கப் போனால் உண்மையாகிவிடுமோ என்று பயந்து நான் விசாரிக்கவில்லை. லீவு கிடைக்கும்போது போகிறேன். கப்பலில் என் வயிறு படும் பாட்டைப் பார்த்து அடுத்த பெஞ்சுக்காரர்கள் எழுந்து இடம் கொடுப்பது வழக்கம். போய்ச் சேர்ந்தால் நீலாவதி எனக்கு இலை நிறையப் பரிமாறுவாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்பாள். "திரும்ப எப்ப கப்பல்?" என்பாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் செய்வாள். ஐயா, கல்யாணம் ஆன ஒருவனுக்கு மனைவியின் விருந்துபசாரத்தைப் போலப் பயம் தருவது வேறில்லை.

3. இனி பெட்டி. அது பிளைவுட்டில் நானே அடித்தது. ஒரு பக்கம் கோணல். இங்கிருந்து கருவாடு, தேங்காய், எலுமிச்சை, கிழங்கு போகும். அங்கிருந்து மிளகாய்த்தூள், பொத்தான் தைத்த சட்டை, ரிப்பேர் செய்த மூக்குக்கண்ணாடி வரும். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இரண்டு வீட்டுக்கும் போய்வந்து கொண்டிருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

4. ஒரு காலத்தில் வழியில் யாரோ பெட்டியில் கை வைத்தார்கள். கருவாடு குறைந்தது. யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைப் போலப் பேசும் பழக்கம் எனக்கு உண்டு, மனுவில் அதைச் செய்ய மாட்டேன். அப்போதுதான் நல்ல முத்திரை வேண்டும் என்று தங்கள் அலுவலகத்துக்கு மனுமேல் மனுவாக அனுப்பினேன். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று நானே ஒரு முத்திரை செய்தேன். மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் அரக்கை உருக்கி ஊற்றி, ஐந்து ரூபாய் நாணயத்தால் அழுத்தினேன். மிகப் பெருமையாக இருந்தது. பெட்டி போய்ச் சேர்ந்த அன்று நீலாவதி போன் செய்தாள். அவளாகப் போன் செய்வது அபூர்வம். எங்கள் போன் பேச்சு சாதாரணமாக "ம்", "சரி", "வைக்கட்டா" என்ற மூன்றோடு முடிந்துவிடும். அன்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தாருங்க, பெரிய சீல் வச்சிருக்கீங்களே, இதே அஞ்சு ரூவாக் காசு இந்தியா பூரா இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நான் தொறந்து மூடி அனுப்புறேன், கண்டுபிடிங்க பாப்பம்."

பெட்டி திரும்பி வந்தது. அரக்கு நான் ஊற்றியபடியே இருந்தது. நாணயத்தின் சிங்க முகம் நான் அழுத்திய கோணத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மட்டும் என் கருவாடு இருந்த இடத்தில் அவள் அரைத்த மிளகாய்த்தூள் இருந்தது. நான் வெகுநேரம் சிரித்தேன். அலைக்குப் பிறகு அவள் என்னோடு விளையாடியது அதுதான் முதல் தடவை.

5. இப்படித்தான் பந்தயம் தொடங்கியது. நிபந்தனையை அவளே சொன்னாள். நான் போடுகிற முத்திரையை அவள் எனக்குத் தெரியாதபடி திறந்து, தன் சாமானை வைத்து மூடி அனுப்ப வேண்டும். "நான் தொறந்தேன்னு என்னைக்கு ஒங்க சீல் ஒங்ககிட்டச் சொல்லுதோ, அன்னைக்கு நான் கப்பல் ஏறி ஹட் பேக்கு வந்துர்றேன். போதுமா?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் ஹட் பே என்ற பெயரை அவள் வாயால் நான் கேட்டு அதற்குள் சில வருடம் ஆகியிருந்தது. அதனால் நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

6. அதன்பின் நான் செய்த முத்திரைகள் பல. தங்கள் துறைக்குப் பயன்படக்கூடும் என்பதால் முக்கியமானவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலில் மயிர் முத்திரை. மூடியின் இடுக்கின் குறுக்கே என் தலைமயிர் ஒன்றைச் சோற்றுப்பசையால் ஒட்டினேன். திறந்தால் அறுந்துவிடும். என் தலையில் அப்போது மீதமிருந்த இருப்பை மனதில் கொண்டால் இது பெரிய தியாகம். பெட்டி திரும்பி வந்தபோது மயிர் அதே இடத்தில், அதே நரையோடு ஒட்டியிருந்தது. எப்படி என்று போனில் கேட்டேன். என் பழைய சீப்பு தன்னிடம் இருப்பதாகவும், அதில் தேவையான சரக்கு இருப்பதாகவும் சொன்னாள். அலை வந்த அன்று அவள் இடுப்பில் செருகியிருந்த சீப்பு. அதை அவள் இத்தனை நாளும் வைத்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அந்தத் தோல்வியை நான் இன்னும் கொண்டாடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது நகப்பாலிஷ். ஜிகினாத்தூள் கலந்த நகப்பாலிஷை இடுக்கில் பூசினால் ஜிகினா தன் இஷ்டத்துக்குச் சிதறி உட்காரும். அதே மாதிரி இன்னொரு தடவை உட்கார வைக்க யாராலும் முடியாது. பூசியபின் பக்கத்து வீட்டு அழகம்மாவின் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த அழகம்மாவிடம் ஒரு விஷயம் போனால் அது கப்பலுக்கு முன்பே போர்ட் பிளேயர் போய்விடும். ராக்கப்பன் பஜாரில் ஃபேன்சி ஸ்டோரில் நின்று நகப்பாலிஷ் வாங்கினான், கலர் பார்த்து வாங்கினான் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லி, எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு காதலியை ஏற்பாடு செய்துவிட்டார். பெட்டி திரும்பி வந்தது. ஜிகினா படத்தில் இருந்தபடியே மின்னியது. உள்ளே சாமான் மாறியிருந்தது. மூடியையே பார்த்துக்கொண்டிருந்த நான் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அவள் அடிப்பலகையின் ஆணிகளைப் பிடுங்கி, கீழ்வழியாக வேலையை முடித்து, திரும்ப அடித்திருந்தாள். கூடவே போனில் ஒரு கேள்வி: "மிச்ச பாட்டில் எங்க? எவளுக்குக் குடுத்தீங்க?" அடுத்த பெட்டியிலேயே பாட்டிலை அனுப்பி வைத்தேன்.

பிறகு பருப்பு முத்திரை. அரிசி, உளுந்து, பச்சைப்பயறு மூன்றையும் கண்ணாடித்தாள் பையில் கலந்து, மூடியின் மேல் இறுக்கிக் கட்டி, அந்தக் கோலத்தைப் படம் எடுத்துக்கொள்வது. யார் தொட்டாலும் கோலம் கலையும். கலைந்துதான் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று உற்சாகமாகப் போன் செய்தேன். அது மழைக்காலம், கப்பல் ஆடிய ஆட்டத்தில் பருப்பு கலைந்திருக்கிறது. அவள், "கடல் தொறந்ததையெல்லாம் என் கணக்குல எழுதாதீங்க" என்றாள்.

7. ஆகவே கடலால் கலைக்க முடியாத முத்திரை ஒன்று வேண்டியிருந்தது. ஆட்டினால் கலையக் கூடாது. ஆனால் ஆள் திறந்தால் தெரிய வேண்டும். இதை யோசித்தே ஒரு மழைக்காலம் போனது. கடைசியில் வேர் முத்திரை செய்தேன். செய்முறை: பெட்டி முழுவதையும் அடிப்பலகை உட்படச் சாக்கில் நுழைத்து, சாக்கின் வாயை மடித்து, அதன்மேல் ஈரத் தென்னைநாரைப் பரப்பி, பச்சைப்பயறைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வந்தால், வேர் இறங்கி இரண்டு மடிப்புச் சாக்கையும் சேர்த்துப் பின்னிக்கொள்ளும். பிரித்தால் வேர் அறும். அறுந்த வேரை ஒட்ட முடியாது. கப்பல் எவ்வளவு ஆடினாலும் வேருக்குக் கவலையில்லை. கப்பல் தாமதமானால் முத்திரை இன்னும் பலப்படும். நம் கப்பல்களைப் பொறுத்தவரை இது மிகவும் பொருத்தமான குணம் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். சோதனைக்காக ஒரு சிறு மூட்டையை அழகம்மாவிடம் கொடுத்தேன். கோணியூசியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் போராடிவிட்டு, "போங்கண்ணே, நீங்களும் ஒங்க சீலும்" என்று சொல்லி, முளைத்த பயறைத் தாளித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றாக இருந்தது.

8. இந்த நிலையில்தான் தங்கள் நீல முத்திரை வந்து சேர்ந்தது. நான் கேட்டதுதான். கேட்டுப் பல வருடம் ஆகி, நானே மறந்தபின் வந்தது. தங்கள் சுற்றறிக்கைப்படி பார்சலில் தனியார் முத்திரை எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் அகற்றிவிட்டு எண் போட்ட நீல முத்திரை மட்டும் மாட்ட வேண்டும். சென்ற மாதம் வேர் முத்திரையோடு பெட்டியைக் கொண்டுபோனபோது ஜெட்டி பார்சல் கவுண்டரில் இருந்தவர் டெர்வின். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்லவர். அவர்மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். அன்று நடந்ததை உள்ளபடியே தெரிவிக்கிறேன்.

டெர்வின் பெட்டியைப் பார்த்து, "என்ன ராக்கண்ணே, பெட்டிக்குத் தாடி மொளச்சிருக்கு?" என்றார்.

"தாடி இல்லடா தம்பி, சீல்" என்று நான் உண்மையைச் சொன்னது தவறு.

"சீல்னா ரூல்படி பிரைவேட் சீல் அலவுட் நஹி ண்ணே."

"அப்படின்னா சீல் இல்ல. பயிரு."

"பயிருன்னா அதுக்கு வேற கவுண்டரு. அங்க டாக்டர் சர்ட்டிபிகேட்டு கேப்பாங்க, செடிக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்துகொள்வது என் பழக்கம், அதில் நஷ்டம் குறைவு. அதற்குள் உள் அறையிலிருந்து "அரே காட் தோ, ஜல்தி" என்று, சீக்கிரம் வெட்டிவிடச் சொல்லி இந்தியில் ஒரு குரல் வந்தது. டெர்வின் என்னைப் பார்த்தார். "சாரிண்ணே" என்றார். கத்தரிக்கோல் சாக்கின் வாயோரம் ஒரு சுற்று வந்தது. பல நாள் தண்ணீர் தெளித்து வளர்த்தது ஒரே கொத்தாக அவர் கையில் வந்தது. மண் இல்லாததால் உதிரவும் இல்லை. நீல முத்திரை "டிக்" என்று மாட்டிக்கொண்டது. மிக நேர்த்தியான சத்தம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

9. பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு கருவாட்டுத் துண்டுகூடக் குறையவில்லை. அந்த வகையில் தங்கள் அலுவலகம் தன் கடமையைச் செய்துவிட்டது என்று சாட்சி சொல்லத் தயார். ஆனால் நீலாவதி போன் செய்தாள். "இந்த வாட்டி ஒண்ணும் போடலியா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். நம்பினாள். நம்பியதுதான் கஷ்டம். நம்பாமல் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். "ரூல் போட்டுட்டாங்களா. அப்ப இனி அவ்வளவுதானே" என்றாள். பிறகு "ம்" என்றாள். "சரி" என்றாள். "வைக்கட்டா" என்றாள். பெட்டி நீல முத்திரையோடு திரும்பி வந்தது. சட்டைகள் மடித்து இருந்தன. மிளகாய்த்தூள் இருந்தது. எல்லாம் இருந்தது. விருந்தாளிக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

நீல முத்திரையைத் திறந்து மூட முடியுமா என்று அவள் ஒருமுறைகூட முயற்சி செய்யவில்லை, ஐயா. அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை அதைவிட மோசமான செய்தி இல்லை.

10. எனவே கீழ்க்கண்டவற்றைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

(அ) தங்கள் நீல முத்திரையின் அடியில் என் சொந்த முத்திரையும் இருக்க அனுமதிக்க வேண்டும். ஒரு முத்திரைக்கு இரண்டு முத்திரை இருந்தால் சரக்குக்குப் பாதுகாப்பு கூடுமே தவிரக் குறையாது.

(ஆ) உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்க வேண்டுமானால் நான் மூடும் முன்பே, வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சோதிக்கலாம். எல்லாவற்றையும் பரப்பிக் காட்டச் சம்மதம். வருகிறவருக்குத் தேநீரும் உண்டு. அழகம்மாவும் இருப்பார் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை.

(இ) போர்ட் பிளேயர் கவுண்டரிலும் நீலத்தின் எண்ணை மட்டும் சரிபார்த்து, என்னுடையதைத் தொடாமல் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே.

11. இறுதியாக ஒன்று. அப்படி அந்த வேர் முத்திரையை யாராலும் திறக்க முடியாதா என்று தாங்கள் கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீலாவதி திறந்திருப்பாள். நான் கப்பலுக்குக் காத்திருந்த மாதிரி அவளும் கப்பலுக்குக் காத்திருப்பவள்தானே. பிரித்தெடுத்துவிட்டு, டாலிகஞ்சில் பயறு ஊறவைத்து, தண்ணீர் தெளித்து, வேர் பிடிக்கும்வரை பொறுத்திருந்து அனுப்பியிருப்பாள். பயறு முளைக்கும் வேகம் எந்தத் தீவிலும் ஒன்றுதான். வேர் முத்திரையைச் செய்து முடித்த அன்றே எனக்கு இது தெரிந்துவிட்டது. தெரிந்தும் தண்ணீர் தெளித்தேன்.

ஏனென்றால் அவளை ஜெயிக்கிற முத்திரை என்று ஒன்றை என்னால் செய்ய முடியாது. எதனிடம் தோற்பது என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். கப்பல் ஏறலாம், அந்தச் சத்தத்தைக் கேட்கலாம் என்று அவளுக்கு என்றைக்குத் தோன்றுகிறதோ, அன்றைக்கு ஒரு சோற்றுப்பசை மயிரைக்கூட வேண்டுமென்றே அறுத்து எனக்குத் திருப்பி அனுப்புவாள். நான் அதைப் பார்த்துவிட்டு ஜெட்டிக்கு ஓடுவேன். அது எந்த முத்திரை, எந்தக் கப்பல் என்று எனக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாது. கத்தரிக்கோலுக்கு நிச்சயம் தெரியாது. சென்ற மாதம் வெட்டியது அதுவாகவே இருந்திருக்கலாம்.

ஆகையால் ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, இனி வருவதில் ஒன்றைக்கூட வழியில் வெட்டாதிருக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சாக்கும் நாரும் தயார். பயறு ஊறிக்கொண்டிருக்கிறது.

நாள்: 11.09.2012
இடம்: ஹட் பே

இப்படிக்கு,
அடுத்த கப்பலைப் பார்த்திருக்கும்,
சி. ராக்கப்பன்

இணைப்பு: வெட்டப்பட்ட முத்திரையில் ஒரு துண்டு (டெர்வின் தூக்கி எறியாமல் எடுத்து வைத்திருந்து கொடுத்தது). கோப்பில் ஈரம் படாமல் வைக்கவும். சில பயறு இன்னும் முளைக்காமல் இருக்கிறது.